வண்டியின் பழைய எண்ணெயும் வளவுக் கிணறும்

‘எண்ணெய்’ என்னுஞ் சொல்லை எள் + நெய் எனப் பிரித்துக் காட்டிப் புணர்ச்சியிலக்கணம் கற்பித்தல் தமிழாசிரியர்க்கு வழக்கம். முதலில் எள்ளின் நெய்க்கே உரியதாயிருந்த அச்சொல், காலப்போக்கிலே தேங்காயின் நெய்க்கும் வேம்பின் நெய்க்கும் பெயராகி, ஈற்றில் நிலத்தின் ஆழத்திலிருந்து எடுக்கப்படுவனவற்றுக்கும் பொதுப்பெயராயிற்று. இன்று நம் ஊரிலே ஓர் இளைஞன் “ஒயில் மாத்த வேணும்” என்று சொல்வானாயின், அவன் எள்ளையும் நினைப்பதில்லை, தேங்காயையும் நினைப்பதில்லை. தன் மோட்டார்ச் சைக்கிளின் எஞ்சினையே நினைக்கின்றான். இக்கட்டுரை அவ்வெண்ணெயைப் பற்றியது.

விழா மலருக்குத் தமிழாசிரியன் ஒருவன் இலக்கியக் கட்டுரையொன்று தருவான் என எதிர்பார்த்திருக்கும் பழைய மாணவர்கள் என்னைப் பொறுத்தருள்க. வண்டியின் எண்ணெயை வீட்டிலே மாற்றுவோர் இந்நகரிற் பலர். அதனைத் துப்புரவாகச் செய்வோர் சிலர். மாற்றிய எண்ணெய் எங்கே போய்ச் சேர்கின்றது என்று கருதுவோர் மிகச் சிலர். நானும் கருதாதவனாகவே இருந்தேன். அதனால் விளைந்த கேட்டையும், பின்னர் கற்றுக்கொண்ட முறையையும் ஒளிக்காது சொல்லுதல், இலக்கியக் கட்டுரையினும் பயன்தரும் என்று துணிந்தே இதனை எழுதுகின்றேன்.

நான் செய்த தவறு

2022ஆம் ஆண்டிலே நாட்டைப் பிடித்த பொருளாதார நெருக்கடியை எவரும் மறந்திரார். பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையிலே நின்றோம். எஞ்சின் எண்ணெயின் விலையும், உதிரிப்பாகங்களின் விலையும், கராஜ்க் கூலியும் ஒருங்கே ஏறின. ஆசிரியச் சம்பளத்திலே வாழ்பவன் ஆதலின், அதுவரை கராஜிலே கொடுத்துச் செய்வித்த வேலையை நானே செய்யத் தலைப்பட்டேன். அப்பொழுது உப்புவெளிப் பக்கத்திலே, கடற்கரையை அடுத்த மணற்பாங்கான வளவொன்றில் வாடகைக்குக் குடியிருந்தேன். அவ்வளவிலிருந்த கிணற்றின் நீரையே எங்கள் வீட்டாரும் பக்கத்து வீட்டாரும் குடித்தும் குளித்தும் வந்தோம்.

ஐப்பசி மாதத்து மாலையொன்றிலே, பழைய அலுமினியப் பேசினொன்றை மோட்டார்ச் சைக்கிளின் கீழ் வைத்து எண்ணெயை வடித்தேன். நட் கையிலிருந்து நழுவிப் பேசினுள் வீழ்ந்தது. அதனைத் துழாவி எடுத்ததிலே முழங்கைவரை கருமை ஏறிற்று. எண்ணெய் எஞ்சினின் அடிப்புறத்தில் ஒழுகி நிலத்திலும் சிந்திற்று. ஒருவாறு வேலையை முடித்து, பேசினைத் தாழ்வாரத்தின் ஓரத்திலே வைத்துவிட்டு, மீதியைக் காலையிற் பார்க்கலாம் என்று படுத்துக்கொண்டேன்.

அன்றிரவு மாரி தொடங்கிற்று. கூரைநீர் பேசினிலே வீழ்ந்து நிறைந்தது. எண்ணெய் நீரிலும் அடர்த்தி குறைந்தது ஆதலின் நீரின்மேல் மிதக்கும். ஆகவே பேசின் நிரம்பியபோது முதலில் வழிந்தது நீரன்று, எண்ணெயே. விடிந்ததும் பார்த்தேன். பேசினிலே மழைநீர் நின்றது. எண்ணெயைக் காணோம். முற்றத்து மணல் அதனைக் குடித்துவிட்டது.

சில நாட்களின் பின் கிணற்றுநீரின் மேல் வானவில்லின் நிறங்கள் மிதந்தன. வாளியை முகத்தருகே கொண்டுபோகும்போது ஒரு வாடை வீசிற்று. கிணற்றை இறைத்தோம், மீண்டும் இறைத்தோம். தெளிந்ததுபோலத் தோன்றும், அடுத்த மழைக்கு மறுபடியும் படலம் தோன்றும். பங்குனி மாதம்வரை இரு வீட்டாரும் குடிநீரை அடுத்த தெருவிலிருந்து சுமந்தோம். பக்கத்து வீட்டு ஆச்சி எழுபது வயதைக் கடந்தவர். அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. குடத்தை இடுப்பிலே வைத்துக்கொண்டு என் வாசலைக் கடக்கும்போது, “மாஸ்டருக்கு இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ?” என்று வழக்கம்போலக் கேட்டுக்கொண்டு போவார். இரண்டாம் நாளிலிருந்து அக்குடத்தை நானே சுமந்தேன். ஆயினும் அவர் கடியாமையே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று.

இக்கதையைக் கேட்டவர்களுள் ஒருவர், நம் கல்லூரியிலே என்னிடம் தமிழ் பயின்று, இப்பொழுது நகரிலே கராஜ் நடத்துபவர். அவர் சொன்னார்: “சேர், ஒயில் கழட்டுறது பத்து நிமிச வேலை. கழட்டின ஒயிலை என்ன செய்யிறது எண்டு முதல்ல யோசிச்சுப்போட்டுத்தான் நட்டிலை ஸ்பனரை வைக்க வேணும்.” வகுப்பறையிலே நான் அவருக்குக் கற்பித்தவற்றுள் எத்தனை அவர் நினைவில் நின்றனவோ அறியேன். அவர் எனக்குக் கற்பித்த இப்பாடம் நின்றுவிட்டது. பின்வரும் முறைகளுட் பெரும்பாலன அவரிடம் கற்றனவே.

எண்ணெய் ஏன் கெடுகின்றது?

முறையைக் கூறுமுன் காரணத்தை அறிதல் நன்று. எஞ்சினுள்ளே உலோகம் உலோகத்தோடு உராயாதபடி இடையிலே மெல்லிய படலமாய் நிற்பது எண்ணெய். அதுவன்றியும், சூட்டைச் சுமந்து அகற்றுகின்றது, அழுக்கைக் கழுவுகின்றது, துருவைத் தடுக்கின்றது. இத்தொழில்களுக்காக அதனுடன் பல மருந்துச் சரக்குகளைச் சேர்க்கின்றனர். புகைக்கரியைத் திரளவிடாது மிதக்கச் செய்வது ஒன்று. தேய்மானத்தைத் தடுக்கும் நாகச் சேர்வை மற்றொன்று.

எரிபொருள் எரியும்போது உண்டாகும் கரியும் நீராவியும் அமிலமும் சிறிது சிறிதாக எண்ணெயிற் கலக்கின்றன. தேய்ந்த உலோகத்தின் நுண்துகள்களும் சேர்கின்றன. சேர்த்த மருந்துகள் செலவாகிவிடுகின்றன. கரியை எண்ணெய் தாங்கி நிற்பதனாலேயே அது கறுக்கின்றது. ஆதலின் கறுத்தல் ஒன்றே எண்ணெய் கெட்டதற்கு அடையாளமன்று. வண்டியின் கையேடு குறிக்கும் ஓட்டத்தூரத்தையும் காலத்தையும் பின்பற்றுதலே தக்கது.

போத்தலின் மேல் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்றவாறு காணும் குறிகள் எண்ணெயின் தடிப்பைக் காட்டுவன. டபிள்யூ என்னும் எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண் குளிரில் எண்ணெய் எவ்வாறு ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் எஞ்சின் சூடேறிய நிலையில் அதன் தடிப்பையும் உணர்த்தும். மோட்டார்ச் சைக்கிள்களிற் பெரும்பாலனவற்றில் கிளச்சும் அதே எண்ணெயில் தோய்ந்திருக்கும். அவற்றுக்கு ஜாசோ எம்.ஏ. என்னும் குறியுடைய எண்ணெயே ஏற்றது. காருக்குரிய சில எண்ணெய்களை இட்டால் கிளச் வழுக்கும். இரட்டை வீச்சு எஞ்சின்களிலே எண்ணெய் பெற்றோலுடன் சேர்ந்தே எரிந்துவிடுவதால், நாம் கூறும் இவ்வகை மாற்றம் அவற்றிற்கு இல்லை. நால் வீச்சு மோட்டார்ச் சைக்கிள், முச்சக்கர வண்டி, கார் என்பனவற்றோடு, கந்தளாய், மூதூர் வயல்களிலே ஓடும் லேண்ட்மாஸ்டர், நீரிறைக்கும் இயந்திரம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

துப்புரவாக மாற்றும் முறை

எண்ணெய் மாற்றுகையில் அழுக்கு உண்டாகும் தருணங்கள் மூன்று. நட்டைக் கழற்றும் கணம் ஒன்று. வடிகட்டியாகிய பில்டரைக் கழற்றும் கணம் ஒன்று. வடித்த எண்ணெயை வேறு கலத்துக்கு மாற்றும் கணம் ஒன்று. இம்மூன்றையுங் காத்துக்கொண்டால் எஞ்சியவை எளியன.

முதலில் ஏந்துகலம். விலைகொடுத்து வாங்கும் தட்டம் இல்லாதவர்கள், சமையலெண்ணெய் வரும் 5 லீற்றர் பிளாஸ்டிக் கான் ஒன்றைத் தேடுக. அதனைப் படுக்கையாகக் கிடத்தி, மேலே வரும் அகன்ற பக்கத்திலே, விளிம்பினின்று இரண்டு விரலிடை விட்டு, ஒரு சாளரம்போல வெட்டுக. மூடியை இறுக மூடிவிடுக. மூடியுள்ள மூலை தாழ்ந்திராதபடி பார்த்துக்கொள்க. வெட்டிய வாயால் எண்ணெய் உள்ளே வீழும். வேலை முடிந்ததும் மூடியைத் திறந்து சாய்த்தால், கழுத்தின் வழியே தாரை பிசகாமல் ஊற்றலாம். விளிம்பை விட்டு வெட்டியதனால் எடுத்துச் செல்லும்போதும் எண்ணெய் அலைமோதிச் சிந்தாது. ஏந்துகலமே ஊற்றுகலமும் ஆகிவிடுதலால், மூன்று தருணங்களுள் ஈற்றிலுள்ளது பெரும்பாலும் தீர்ந்தது.

இரண்டாவது வெப்பம். குளிர்ந்த எண்ணெய் தடித்துக் கலத்தின் சுவரிலே ஒட்டிக்கொள்ளும். அடியிற் படிந்த அழுக்கும் அசையாது. கொதிக்குஞ் சூட்டிலோ கை வெந்துவிடும். ஆகவே எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்தி, வெதுவெதுப்பு நிலைக்கு வரும்வரை பொறுத்திருந்து தொடங்குக. காத்திருக்கும் வேளையிலே பழைய கடதாசிகளை நிலத்தில் விரித்து, அவற்றின்மேல் ஏந்துகலத்தை வைக்கலாம், கையுறையையும் அணிந்துகொள்ளலாம். எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியையும் முன்னரே திறந்துவைக்க. காற்று உட்புகுவதால் எண்ணெய் விட்டுவிட்டு வாராது, ஒரே தாரையாய் வடியும்.

மூன்றாவது நட். பொருத்தமான ஸ்பனரால் முதற் சுற்றைத் தளர்த்தியபின், விரலால் நட்டை உட்புறமாக அழுத்திக்கொண்டே சுழற்றுக. மரை முழுவதும் கழன்றுவிட்டது என்பதை விரல் உணரும். அதுவரை அழுத்தத்தை விடலாகாது. உணர்ந்த பின் கையைச் சட்டெனப் பக்கவாட்டில் வாங்கிக்கொள்க. நட் கையிலேயே இருக்கும். எண்ணெய் கையிற் படாது. இதனை அறியாமையாலேயே என் நட் பேசினுள் வீழ்ந்தது.

ஏந்துகலத்தை வைக்கும் இடத்திலும் ஒரு நுட்பம் உண்டு. பக்கவாட்டிலே துளையுள்ள குடத்தைப் பார்த்திருப்பீர்கள். குடம் நிறைந்திருக்கும்போது நீர் தொலைவிற் பாயும். குறையக் குறைய அண்மையில் வீழும். ஈற்றில் குடத்தின் உடலோடு ஒழுகும். எண்ணெயும் அவ்வாறே. நட் பக்கவாட்டில் அமைந்த வண்டிகளில் முதல் தாரை எதிர்ப்புறம் பாயும் ஆதலின், கலத்தைச் சற்றுத் தள்ளிவைத்துப் பின் மெல்ல உள்ளே நகர்த்துக. கச்சான் காற்று வீசும் மாதங்களிலே, தாரை நூலாய் மெலிந்ததும் காற்று அதனை அலைத்து எறியும். மதிலோரத்தில் வண்டியை நிறுத்திக்கொள்ளுதல் நன்று.

பில்டர் உள்ள எஞ்சின்களில், அதனைக் கழற்றுமுன் ஒரு தடித்த பிளாஸ்டிக் பையை அதன்மேல் உறைபோல மாட்டி, பைக்குள்ளேயே சுழற்றிக் கழற்றுக. உள்ளே நிற்கும் எண்ணெய் பைக்குள்ளேயே சிந்தும். பழைய பில்டரின் இறப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கின்றதா என்று தப்பாது பார்க்க. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள் அமைந்துவிட்டால், எண்ணெய் முழுவதும் வழியிலே பீறிட்டுப் போய் எஞ்சின் அழியும். புதிய வளையத்திலே புதிய எண்ணெயைத் தடவிக் கையாலேயே பூட்டுக. வளையம் தொட்டபின் முக்காற் சுற்றளவு திருகினால் பெரும்பாலான பில்டர்களுக்குப் போதும்.

நட்டை மீளப் பூட்டும்போது அதன் வோஷரைப் புதிதாக மாற்றுக. செம்பிலோ அலுமினியத்திலோ செய்த அவ்வளையம் ஒருமுறை நசுங்கித் தன் கடமையைச் செய்துவிடுகின்றது. மறுமுறை அது செவ்வனே அடைக்காது. சில ரூபாயைச் சேமிக்கப் பழைய வோஷரையே இட்டு, ஒழுக்கை நிறுத்துதற்காக நட்டை மிகையாக இறுக்குவோர் உளர். அலுமினிய எஞ்சினிலே மரை அறுந்துவிட்டால் செலவு பன்மடங்காகும். நட்டை முதலில் வெறுங்கையாலேயே பல சுற்றுக்கள் ஏற்றி, மரை கோணாமல் அமர்ந்ததை உறுதிசெய்த பின்னரே ஸ்பனரை எடுக்க வேண்டும்.

புதிய எண்ணெயை ஊற்றும்போது, போத்தலின் வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்தால் ‘குளுக் குளுக்’ என்று துள்ளிச் சிந்தும். வாய் மேற்பக்கமாய் இருக்கும்படி போத்தலைச் சரித்துப் பிடித்தால், எண்ணெய் கீழாகவும் காற்று மேலாகவும் ஒரேவேளையில் செல்லும், தாரை துள்ளாது. புனல் இல்லையேல், உலர்ந்த குடிநீர்ப் போத்தலின் தலைப்பகுதியை வெட்டிக் கவிழ்த்தால் அதுவே புனல். குறித்த அளவிலும் சிறிது குறைவாக ஊற்றி, எஞ்சினைச் சற்று ஓடவிட்டு நிறுத்தி, வண்டியை நிமிர்த்திச் சமதளத்தில் வைத்து அளவுகோலைப் பார்த்து நிரப்புக. மிகையாக ஊற்றுதலும் தீங்கே. எண்ணெய் நுரைத்துத் தன் தொழிலைச் செய்யாது.

காருக்குக் கீழே புகுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. ஜக் என்பது தூக்குதற்குரியது, தாங்குதற்குரியதன்று. ஜக் மட்டும் தாங்கிய காரின் கீழ் ஒருபோதும் தலையைக் கொடுக்கற்க. நம் கடற்கரை வளவுகளின் மணலிலே ஜக் சிறிது சிறிதாகப் புதைந்து சாயும். உறுதியான தாங்குகால்களும் கடினமான தரையும் இல்லாதவிடத்து, அவ்வேலையைக் கராஜிலே செய்விப்பதே அறிவுடைமை. எண்ணெயளவு கோல் இறங்கும் குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கையாலியக்கும் பம்பினால் எண்ணெயை மேலே உறிஞ்சியெடுக்கும் கருவியும் உண்டு. கீழே இடமில்லாத படகு எஞ்சின்களுக்கு இதுவே வழக்கமான முறை. பல கார்களுக்கும் இது பொருந்தும்; கீழே படுக்கவேண்டிய தேவையும் இல்லை.

மீறிச் சிந்தினால் நீரூற்றிக் கழுவற்க. கழுவியது கிணற்றுக்கோ கானுக்கோ போய்ச் சேரும். மரத்தூளையோ தென்னந்தும்புத் தூளையோ தூவி, ஊறியபின் கூட்டியெடுத்துப் பையிற் கட்டி, நெருப்புக்கு அப்பால் வைக்க. கையிற் பட்ட கருமைக்குப் பெற்றோல் ஆகாது. அது தோலைப் புண்படுத்தும். சிறிது தேங்காயெண்ணெயைத் தேய்த்துத் துணியால் துடைத்து, பின் சவர்க்காரமிட்டுக் கழுவினால் போய்விடும்.

பழைய எண்ணெயை என் செய்வது?

இனி, மாணவர் கேட்ட அந்த முதற்கேள்விக்கு வருவோம். பழைய எண்ணெய் பயனுள்ளது என்று கருதி அதனைப் பல வழியிற் செலவிடுதல் நம்மிடையே வழக்கம். வேலிக்கட்டைகளிலே கறையானுக்குப் பூசுகின்றோம். தேங்கிய நீரிலே நுளம்புக்கு ஊற்றுகின்றோம். சொறி பிடித்த நாயின் உடலிலே தடவுவோரும் உளர். இவை மூன்றும் விடத்தக்கன. கட்டையிற் பூசியது மழையோடு நிலத்தில் இறங்கும். தேங்கிய நீரில் ஊற்றியது நுளம்பின் குடம்பியோடு தவளையையும் மீனையும் கொல்லும். நாயோ தன் உடலை நக்கி அந்நஞ்சை உட்கொள்ளும். தோலின் வழியும் அது உட்புகும்.

நஞ்சு என்றது மிகையன்று. ஓடிய எஞ்சின் எண்ணெயிலே, எரிதலால் உண்டாகும் பலவளைய ஐதரோகாபன் சேர்வைகள் திரள்கின்றன. எலிகளின் தோலிலே அதனைத் தொடர்ந்து தடவிச் செய்த சோதனைகளிலே தோற்புற்று உண்டானது அறியப்பட்டுள்ளது. ஒருமுறை கையிற் பட்டதனால் நோய் வந்துவிடும் என்று அஞ்சவேண்டியதில்லை. ஆண்டுக்கணக்காக வெறுங்கையோடு உழைக்கும் தொழிலாளரும், எண்ணெய் ஊறிய துணியைச் சட்டைப்பையிலே வைத்துக்கொள்ளும் இளைஞரும் அஞ்சத்தக்கதே.

நீருக்கு விளையும் கேட்டை நோக்குவோம். ஒரு வண்டியில் ஒருமுறை மாற்றும் எண்ணெய் 10 இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் மக்களை எச்சரிக்கின்றது. பெஞ்சமின் பிராங்கிளின் என்னும் அறிஞர், இலண்டனை அடுத்த கிளபம் குளத்திலே ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெயை ஊற்றி, அஃது ஏறத்தாழ அரை ஏக்கர் நீர்ப்பரப்பைக் கண்ணாடிபோல் ஆக்கியதை 1774ஆம் ஆண்டிலே எழுதி வெளியிட்டார். எஞ்சின் எண்ணெய் அவ்வளவு மெல்லியதாய்ப் பரவாது என்றே கொள்வோம். மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு தடிப்புள்ள வானவிற் படலமாய்ப் பரவினும், 1 லீற்றர் எண்ணெய் 1,000 சதுர மீற்றர் நீர்ப்பரப்பை மூடும். மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். என் கிணற்றின் நீர்ப்பரப்பு சில சதுர மீற்றரே.

நம் நகரிலே எண்ணெய்க்கும் நீருக்கும் உள்ள உறவு புதியதன்று. இரண்டாம் உலகப்போருக்கு முன்னர்ப் பிரித்தானியர் தம் கடற்படைக்காகக் கட்டத் தொடங்கிய எண்ணெய்த் தாங்கிகளுள் 99 இன்றும் சீனக்குடாவிலே நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10,000 தொன் கொள்ளத்தக்கது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆந் தேதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, விமானமொன்று தாங்கியொன்றின் மேல் வீழ்ந்து அது பல நாள் எரிந்த கதையை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். இன்று வண்டிகளுக்கான உராய்வுநீக்கி எண்ணெயைக் கலந்து போத்தலில் அடைக்கும் ஆலையொன்றும் நம் நகரில் உண்டு. நாம் கடையிலே வாங்கும் எண்ணெய் நம் ஊரிலேயே பிறந்ததாகவும் இருக்கலாம். அது நம் ஊர் மண்ணிலேயே நஞ்சாகி முடிதல் தகுமா?

2020ஆம் ஆண்டு செப்ரெம்பர் 3ஆந் தேதி, ஏறத்தாழ 2,70,000 தொன் கச்சா எண்ணெயைச் சுமந்து வந்த நியூ டயமண்ட் என்னுங் கப்பல், நம் கிழக்குக் கரைக்கு அப்பால், சங்கமன்கண்டி முனைக்கு நேரே தீப்பற்றியது. சுமந்த எண்ணெய் கடலிற் கலந்துவிடுமோ என்று நாடே நடுங்கியது. நல்லூழால் அச்சுமை காக்கப்பட்டது. கப்பலின் சொந்த எரிபொருளே கசிந்தது. கப்பல்களைக் கட்டுப்படுத்தும் மார்ப்போல் என்னும் சர்வதேச உடன்படிக்கை, இயந்திர அறையின் கழிவுநீரிலே எண்ணெய் பத்து இலட்சத்தில் 15 பங்குக்கு மேற்பட்டால் அதனைக் கடலில் விடக்கூடாது என்று விதிக்கின்றது. அவ்விதிக்கு உட்பட்டே பெருங்கப்பல்கள் நம் துறைமுகத்துக்கு வருகின்றன. நாமோ கானிலே ஒரு லீற்றரை ஊற்றிவிட்டு வீட்டுக்குள் போகின்றோம். கான் ஓடுவது டச்சு விரிகுடாவுக்கும் உள்துறைமுகத்துக்குமே.

சட்டமும் இதிலே தெளிவானது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசியச் சுற்றாடற் சட்டத்தின் கீழ், 2008ஆம் ஆண்டிலே ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் தீங்கான கழிவுகளைச் சேகரிப்போரும் கொண்டுசெல்வோரும் உரிமம் பெறுதல் வேண்டும் என்கின்றன. சேர்விஸ் நிலையங்களும் பெரிய கராஜ்களும் பழைய எண்ணெயைப் பீப்பாயிற் சேர்த்துச் சேகரிப்போரிடம் கொடுக்கின்றன. அத்தகைய கழிவு புத்தளத்திலுள்ள சீமெந்துச் சூளையைப் போன்ற இடங்களிலே எரிபொருளாகின்றது. 1,400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட அச்சூட்டிலே, திறந்த வெளியில் எரிக்கும்போது எழும் நச்சுப்புகை உண்டாகாமல் அது முற்றாக எரிந்துவிடும். வேறு நாடுகளிலே பழைய எண்ணெயைத் தூய்மைசெய்து மீண்டும் எண்ணெயாக்குதலும் நடைபெறுகின்றது.

ஆகவே வீட்டில் எண்ணெய் மாற்றுவோர் செய்யவேண்டுவது இதுவே. புதிய எண்ணெய் வந்த போத்தலிலேயே பழைய எண்ணெயை ஊற்றுக. வடிந்த அளவு பெரும்பாலும் அதனுள் அடங்கும். மூடியும் இறுகப் பொருந்தும். நீரோ, பெற்றோலோ, பிறேக் எண்ணெயோ அதிற் கலக்கற்க. கலந்தால் ஏற்பார் இல்லை. ‘பழைய எண்ணெய்’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுக. குடிநீர்ப் போத்தலிலோ சோடாப் போத்தலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்கற்க. குழந்தைகள் தவறி அருந்தக்கூடும். பின்னர், எண்ணெய் மாற்றத் தொடங்குமுன்னரே கேட்டு இணங்கிய கராஜிலே அதனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுக. பில்டரையும் இரவு முழுதும் கவிழ்த்து வடியவிட்டு அத்துடனேயே கொடுக்கலாம். அப்போத்தல் உரியவர் கையிற் சேரும்வரை எண்ணெய் மாற்றும் வேலை முடிந்ததன்று.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்

விழாக் காலத்திலே கல்லூரிக்கு மண்டபமும் நூல்நிலையமும் தர முன்வரும் பழைய மாணவர்கள் பலர். அவற்றோடு ஒரு சிறு பொருளையும் வேண்டுகின்றேன். ஆசிரியர்களும் மேல்வகுப்பு மாணவர்களும் மோட்டார்ச் சைக்கிள்களை நிறுத்துகின்ற கொட்டிலின் மூலையிலே, கூரையின் கீழ், சீமெந்துத் தரையின்மேல், மூடியுள்ள பீப்பாய் ஒன்று வேண்டும். அதன் கீழே கசிவை ஏந்தும் அகன்ற தட்டமும், அருகே மரத்தூட் பெட்டியும், சுவரிலே தேதியும் அளவும் எழுதும் பதிவேடும் போதும். பீப்பாய் நிறைந்ததும் உரிமம் பெற்ற சேகரிப்பாளரை அழைத்தல் ஒரு சங்கத்துக்கு அரிய காரியமன்று. பதிவேட்டை வைத்து எத்தனை லீற்றர் கிணறுகளுக்குப் போகாமல் நின்றது என்று விஞ்ஞான மாணவர்கள் ஆண்டுதோறும் கணக்கிடலாம்.

என் பழைய மாணவர் தம் கராஜிலிருந்து பீப்பாயொன்றைத் தருவதாகச் சொல்லியிருக்கின்றார். தட்டத்துக்கும் மரத்தூளுக்கும் நான் பொறுப்பு. இடத்தைக் காட்டுதலும் அனுமதி தருதலும் கல்லூரியின் கையில் உள்ளன.

நான் இப்பொழுது வேறு வீட்டில் இருக்கின்றேன். ஆயினும் சென்ற தைப்பொங்கலன்று உப்புவெளிக்குச் சென்று ஆச்சியைக் கண்டேன். கிணற்றிலிருந்து ஒரு செம்பு நீர் மொண்டு தந்தார். முதலில் முகர்ந்து பார்த்தேன், பின்னர் குடித்தேன். வாடை இல்லை.